வேலைக்குத் தகுதியா, வாசலுக்கு வேலியா?

சென்ற மாதத்தில் ஒரு மாலை, நிபோங் திபால் கடைத்தெருவில் நாம் தேநீர் அருந்திக்கொண்டிருந்த சமயம், ஜாவிப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த வாலிபர் ஒருவர் நம்மை அணுகித் தமது கைப்பேசியை நீட்டினார். அதிலே ஒரு வேலை விளம்பரம் இருந்தது. இங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள தொழிற்சாலை ஒன்றுக்கு யந்திரப் பராமரிப்பாளர் வேண்டுமாம். அவ்வாலிபர் மின்னியல் பயின்று டிப்ளோமா பெற்றவர். தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுகிறவர். "ஐயா, இதைப் படித்துப் பாருங்கள். இதில் நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்டார்.

படித்தோம். டிப்ளோமா வேண்டும் என்றிருந்தது, அது நியாயம். மின்சுற்று வரைபடம் படிக்கத் தெரிய வேண்டும் என்றிருந்தது, அதுவும் நியாயம். இரவு வேலைக்கு இசைய வேண்டும் என்றிருந்ததையும் நாம் மறுக்கவில்லை, யந்திரம் இரவில் உறங்குவதில்லையாதலால். அதற்குக் கீழேதான் வேடிக்கை தொடங்கிற்று. வயது முப்பதுக்கு மேற்படலாகாது. ஆண்கள் மட்டும். புதிதாகப் படித்து வெளிவந்தவர்கள் வரவேற்கப்படுவார்கள். ஆனால் மூன்றாண்டு அனுபவம் இருத்தல் வேண்டும். சொந்த மோட்டார் வாகனம் வேண்டும். விண்ணப்பத்தோடு புகைப்படம் வேண்டும். இனிய தோற்றமும் பழகும் பாங்கும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாண்டரின் பேசுவோர்க்கு முன்னுரிமை.

வாசகர்களே, இது கலியாண விளம்பரமா, வேலை விளம்பரமா? இனிய தோற்றத்தைக் கண்டு எந்த மோட்டாராவது ஓடத் தொடங்கியதுண்டா? மின்தடையை அளக்கும் கருவி, தன்னைப் பிடித்திருக்கும் கையின் நிறம் பார்த்தா அளவைக் காட்டுகிறது? அறுந்துபோன கம்பி "மாண்டரினில் சொன்னால்தான் ஒட்டுவேன்" என்று அடம் பிடித்ததாக நாம் கேட்டதில்லை. நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒரு பட்டறையில் கருகிய வாடை அடிக்கும்போது வேண்டியது, எந்த விசையை முதலில் அணைப்பது என்ற அறிவு ஒன்றே. அந்த அறிவை இவ்விளம்பரம் எத்தனை வரியில் கேட்கிறது? இரண்டே வரியில். மற்ற வரிகளெல்லாம் எதற்கு?

இக்கேள்வி சில்லறைக் கேள்வி என்று சிலர் எண்ணலாம். விளம்பரம் எழுதுகிறவன் ஏதோ பழக்கத்தில் எழுதிவிடுகிறான், அதைப் பெரிதுபடுத்துவானேன் என்று நம் நண்பர் ஒருவரே சொன்னார். பழக்கத்தில் எழுதுவதும் உண்டுதான். 2020-ஆம் ஆண்டில் செபாஸ்டியன் ராமிரெஸ் என்ற கொலம்பியா நாட்டு நிபுணர் ஒரு வேலை விளம்பரத்தைக் கண்டார். ஃபாஸ்ட் ஏ.பி.ஐ. என்னும் கணினிக் கருவியில் நான்கு ஆண்டுக்குக் குறையாத அனுபவம் அதில் கேட்கப்பட்டிருந்தது. அக்கருவியை உண்டாக்கியவரே அவர். உண்டாக்கி ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. படைத்தவனுக்கே தகுதியில்லை! உலகமெல்லாம் இதைப் படித்துச் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் அந்த நிபுணருக்கு அவ்வேலை இல்லாவிட்டால் வேறு வேலை உண்டு. நமது ஜாவி வாலிபருக்குச் சிரிக்க இடமில்லை. ஒருவனுக்கு வேடிக்கையாக இருப்பது இன்னொருவனுக்குச் சோற்றுக் கேள்வியாக இருக்கிறது.

ஏனென்று கேட்பீர்களாயின், இந்த நிலத்தின் கதையைச் சற்று நினைக்க வேண்டும். கிரியான் ஆற்றுக்கும் பத்து காவானுக்கும் இடைப்பட்ட இந்நிலத்தில் முதலில் கரும்பு நட்டவர்களும், பின்னர் ரப்பர் மரம் சீவியவர்களும் நம்மவர்களே. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிக்கப்படும் வரையில் ஒப்பந்தச் சீட்டில் கைநாட்டு வைத்து வந்தார்கள். பிறகு கங்காணிகளின் பின்னால் வந்தார்கள். 1938-இல் இந்திய சர்க்கார் அவ்வகைக் குடியேற்றத்தை நிறுத்தும் வரையில் கப்பல் கப்பலாக வந்தார்கள். அவர்களுக்கு எந்த விளம்பரத்திலும் எந்தத் தகுதியும் கேட்கப்படவில்லை. முதுகு இருந்தால் போதும்.

இன்று அந்த நிலத்தின் முகம் மாறிவிட்டது. டிரான்ஸ்கிரியான் என்னும் தோட்டப் பெயரைச் சுமந்த இடத்திலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001-ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. 2014-இல் பத்து மாவுங்கிலிருந்து பத்து காவானுக்கு இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது. அதன் காலடியில், தோட்டமாயிருந்த பத்து காவானில், தொழிற்பேட்டை எழுந்து நிற்கிறது. லயங்கள் இடிந்த இடத்தில் தொழிற்சாலை வாயிற்காப்போன் நிற்கிறான். இந்த மாற்றத்தை நாம் வெறுக்கவில்லை, வரவேற்கிறோம். பால்வாளியும் குலைக்கம்பும் நம் பிள்ளைகளின் கையை விட்டுப் போகட்டும். ஆனால் நிலத்தைத் திருத்தியவனின் பேரன் படித்துப் பட்டயம் வாங்கிக்கொண்டு அதே நிலத்து வாசலில் வந்து நிற்கும்போது, "நீ என்ன மொழியில் அரட்டையடிப்பாய்?" என்று வாசலில் எழுதிவைத்திருந்தால், அதை அற்பச் சங்கதி என்று எப்படித் தள்ளுவது?

மொழியைக் கேட்பதே குற்றம் என்று நாம் சொல்லவரவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நமது வாதத்தைத் திரித்துக் கூற ஆட்கள் தயாராக இருப்பார்கள். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீமையிலிருந்து புதிதாக வந்து இறங்கிய சின்னத்துரை தமிழ்ப் பரீட்சை எழுதித் தேற வேண்டியிருந்தது. 1919-இல் நிறுவப்பட்ட தோட்ட நிர்வாகிகள் சங்கம் அப்பரீட்சையை நடத்தி வந்தது. பொழுது விடியுமுன் பெரட்டுக் களத்தில் நூறு தமிழர்க்கு முன்னால் நின்று வேலை பிரிக்க வேண்டியவன் தமிழ் கற்பது வேலையோடு ஒட்டிய நிபந்தனை. துரைத்தனத்தில் நமக்குப் பிடிக்காதவை ஆயிரம் உண்டு. இந்த நிபந்தனையை மட்டும் குறை சொல்ல மாட்டோம். (அவர்கள் கற்ற தமிழில் பெரும்பகுதி ஏவலும் வசவுமே என்பது வேறு சங்கதி.) அதே துரைமாரைப் பல கம்பெனிகள் முதல் ஒப்பந்த காலம் முடியும்வரை மணம் புரியலாகாது என்று கட்டுப்படுத்தின. ரப்பர் மரத்துக்கும் துரையின் கலியாணத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரே வேலையில் ஒரு நிபந்தனை வேலையிலிருந்து பிறந்தது. இன்னொன்று எசமானின் வசதியிலிருந்து பிறந்தது. இரண்டையும் ஒரே தாளில், ஒரே மையில் எழுதிவிட்டால் வித்தியாசம் மறைந்துவிடுகிறது. அதுதான் அபாயம்.

வேலையிலிருந்தும் பிறவாமல், வசதியிலிருந்தும் பிறவாமல், ஆளை விலக்குவதற்கென்றே பிறக்கும் மூன்றாவது வகையும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா சிவில் சர்வீசில் சேர விரும்புகிறவர், தாய் வழி தந்தை வழி இரண்டிலும் கலப்பற்ற ஐரோப்பிய வம்சத்தவராக இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். அவ்விதி எழுதியவர்கள் ஒருவகையில் நேர்மையானவர்கள் என்று கூறலாம். மனத்தில் இருந்ததைத் தாளில் எழுதினார்கள். இன்றைய விளம்பரக்காரர்கள் அவ்வளவு நேர்மை காட்டுவதில்லை. இனத்தின் பெயரை எழுதுவது அழகல்ல என்பதால் மொழியின் பெயரை எழுதுகிறார்கள். மொழியும் போதாவிட்டால் புகைப்படம் கேட்கிறார்கள்.

இது நமது கற்பனையன்று. லீ ஹொக் அவுன், முகமது அப்துல் காலிட் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் இந்நாட்டு விளம்பரங்களுக்குக் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்து, அதன் முடிவை 2016-இல் வெளியிட்டனர். வேலைகள் பொறியியலும் கணக்கியலும். படிப்பும் தேர்ச்சியும் ஒத்த விண்ணப்பங்களில் மலாய்ப் பெயரும் சீனப் பெயரும் மாறி மாறி இடப்பட்டன. சீனப் பெயர் தாங்கியவை நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்ட விகிதம் பல மடங்கு அதிகம். தமிழ்ப் பெயரை அவர்கள் சோதனையில் சேர்க்கவேயில்லை. சோதனையிலும் நமக்கு நாற்காலி போடப்படவில்லை என்று அந்த வாலிபர் கசப்போடு சொன்னார். நாம் மறுமொழி கூறவில்லை.

ஒன்று சொல்லிவைக்கிறோம். இது சீனர் மீது நாம் தொடுக்கும் வழக்கன்று. ஆளை ஒதுக்கும் புத்தி எந்த இனத்துக்கும் தனிச்சொத்தல்ல. அமெரிக்காவின் வட கரோலினா மாகாணத்தில், டிரேப்பர் என்னும் ஊரில், டியூக் பவர் என்ற கம்பெனிக்கு ஒரு மின்நிலையம் இருந்தது. வழக்குத் தொடுக்கப்பட்ட காலத்தில் அங்கே 95 தொழிலாளர். அவர்களில் 14 பேர் கறுப்பர். கூட்டுவதும் பெருக்குவதும் சுமப்பதுமான கூலிப் பிரிவு ஒன்றில் மட்டுமே கறுப்பர்கள் வேலை செய்யலாம் என்பது பழைய வழக்கம். அப்பிரிவில் மிக உயர்ந்த சம்பளம், மற்றப் பிரிவுகளில் மிகத் தாழ்ந்த சம்பளத்துக்கும் குறைவு. 1955-இல் கூலிப் பிரிவு தவிர மற்றவற்றுக்கு உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும் என்று கம்பெனி விதித்தது. 1965 ஜூலை 2-ஆம் தேதி, வேலையில் இனபேதம் கூடாதென்ற சட்டம் அமலுக்கு வந்த அதே நாளில், புதிதாகச் சேர்வோர்க்கு அறிவுத் திறன் பரீட்சைகளையும் சேர்த்தது. இனத்தின் பெயர் எங்குமே இல்லை. எல்லாருக்கும் ஒரே விதி, எவ்வளவு சமத்துவம்!

தொழிலாளர் பதின்மூவர் வழக்காடினார்கள். விசாரணையில் வெளிவந்த உண்மை என்ன? அந்த விதிக்கு முன்னரே வேலையில் சேர்ந்திருந்த வெள்ளையர் பலருக்குச் சான்றிதழே கிடையாது. அவர்கள் அதே கொதிகலன்களையும் அதே யந்திரங்களையும் குறைவின்றி நடத்தி, பதவி உயர்வும் பெற்று வந்தார்கள். சான்றிதழ் இல்லாதவன் கையில் யந்திரம் ஓடுகிறது என்றால், சான்றிதழ் யந்திரத்துக்காகக் கேட்கப்பட்டதல்லவே! 1971 மார்ச் 8-ஆம் தேதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எந்த எண்ணத்தோடு விதித்தாய் என்பதைக் காட்டிலும், அதனால் விளைவது என்ன என்பதையே சட்டம் பார்க்கும். நிபந்தனை வேலையோடு சம்பந்தப்பட்டது என்பதைக் காட்ட வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. இதுவே அத்தீர்ப்பின் சாரம். நமது தொழிற்பேட்டைகளிலும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். மாண்டரின் அறியாத மலாய்க்காரரும் தமிழரும் நேப்பாளியரும் வங்காளியரும் இரவு பகலாக யந்திரங்களை ஓட்டிக்கொண்டிருக்கிறார்களா இல்லையா? அவர்கள் கையில் ஓடும் யந்திரம், அதைப் பழுது பார்க்க வருகிறவனிடம் மட்டும் மொழி கேட்குமா?

முதலாளிமார் சொல்லும் சமாதானங்கள் நமக்குத் தெரியும். எங்கள் வாடிக்கையாளர் தைவானிலும் சீனத்திலும் இருக்கிறார்கள் என்பது ஒன்று. மெய்யாகவே தைவான் நிபுணரோடு தொலைபேசியில் பேசி யந்திரத்தை நிறுவ வேண்டிய வேலையானால், மாண்டரின் கேட்பது முழு நியாயம். அதை எழுதிவிட்டுப் போங்கள், நாங்களும் எங்கள் பிள்ளைகளை அம்மொழி கற்கச் சொல்லுகிறோம். கற்றவர்களும் நம்மிடையே உண்டு. சீனப் பள்ளியில் படித்து மாண்டரின் சரளமாகப் பேசும் தமிழ்ப் பிள்ளைகளை இவ்வூரிலேயே காணலாம். எங்கள் பிரிவில் எல்லாரும் அந்த மொழிதான் பேசுகிறார்கள், வெளியாள் வந்தால் ஒட்டமாட்டான் என்பது இன்னொரு சமாதானம். இதைக் கேட்டுத்தான் நமக்குக் கோபம் வருகிறது. எல்லாரும் ஏன் ஒரே மொழி பேசுகிறார்கள்? இதுவரை அந்த மொழி பேசுகிறவனையே எடுத்தீர்கள், அதனால்! வேலியைப் போட்டவனே, உள்ளே வேறு ஆள் இல்லையே என்று வேலிக்குக் காரணம் சொல்லலாமா? தேசிய மொழி எதற்கு இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் பதினோராண்டு மலாய் படித்த மூன்று இனத்துப் பிள்ளைகள் ஒரு பட்டறையில் நின்று மலாயில் பேசிக்கொள்ள முடியாதா?

முன்னுரிமை என்றுதானே எழுதினோம், கட்டாயம் என்று எழுதவில்லையே என்பது மூன்றாவது. முன்னுரிமை என்ற சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை தோட்டத்துப் பிள்ளைகள் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உணவு விநியோக வண்டியில் ஏறுகிறார்கள் என்பதை இவர்கள் அறியார்கள். விண்ணப்பம் வராததைக் கண்டு, "இந்தியர்கள் இவ்வேலைக்கு வருவதில்லை" என்று முடிவுகட்டியும் விடுகிறார்கள்.

சட்டம் என்ன செய்கிறது? அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது பிரிவு பேதம் கூடாதென்கிறது. ஆனால் அது சர்க்காரைக் கட்டுப்படுத்துவதே தவிரத் தனியாரைக் கட்டுப்படுத்தாதென்று கூட்டரசு நீதிமன்றம் விமானப் பணிப்பெண் ஒருவரின் வழக்கில் 2005-இல் கூறிவிட்டது. கருவுற்றதற்காக வேலை இழந்தவர் அவர். பின்னர் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி முதல் தேதியில் புதிய பிரிவு ஒன்று அமலுக்கு வந்தது. வேலையில் பேதம் காட்டப்பட்டதாகத் தகராறு எழுந்தால் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிடலாம். உத்தரவை மீறினால் ஐம்பதாயிரம் வெள்ளி வரை அபராதம். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் தகராறு தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே எழ வேண்டும் என்கிறது சட்டம். வாசலிலேயே தடுக்கப்பட்டவன் தொழிலாளி ஆகவேயில்லையே! வீட்டுக்குள் வந்தவனை அடித்தால் கேட்பேன், வாசற்படியில் அடித்தால் கேட்க மாட்டேன் என்பதுபோல் இருக்கிறது இது.

அக்கரையிலுள்ள சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே சர்க்காரும் முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கக் காங்கிரசும் கூடி, வேலை விளம்பரங்களில் பேதம் கூடாதென்று 1999-இலேயே வழிகாட்டி நெறிகளை வெளியிட்டார்கள். குறிப்பிட்ட மொழி வேண்டுமென்றால் அது வேலைக்கு ஏன் வேண்டும் என்று காரணம் காட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கில் உள்ள நெறி. 2025 ஜனவரியில் அதைச் சட்டமாகவும் நிறைவேற்றினார்கள். அங்கும் எல்லாம் ஒழுங்காய் நடக்கிறதென்று நாம் சான்றிதழ் தரவில்லை. ஆனால் காரணத்தை எழுது என்ற ஒரு வரி செய்யும் வேலையைக் கவனியுங்கள். காரணம் உள்ளவனுக்கு அது ஐந்து சொல் செலவு. காரணம் இல்லாதவன் பேனாவைக் கீழே வைத்துவிடுவான்.

நிற்க. ஊராரைக் கேட்டுவிட்டு நம் வீட்டைக் கேளாமல் இருப்பது நமது வழக்கமன்று. தோட்டங்களில் கிராணி வேலைக்கு ஆங்கிலம் அறிந்த யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் வந்து அமர்ந்தபோது, லயத்துப் பிள்ளைக்கு ஆங்கிலப் பள்ளி எட்டாத தூரத்தில் இருந்தது. அக்காலத்தில் நம்மில் எவர் அதைக் கேட்டோம்? கங்காணி தன் ஊராரையும் தன் சாதியாரையும் கூட்டிவந்து, அவர்களுக்கு நல்ல லயமும் மற்றவர்க்கு ஓரத்து லயமும் ஒதுக்கியபோது அது தகுதி பார்த்தா ஒதுக்கினான்? இன்றும் நம்மவர் நடத்தும் பட்டறைகளிலும் நகைக்கடைகளிலும், விளம்பரம் செய்யாமல், "நம்ம ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்று காதோடு காதாகச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. அந்த "நம்ம" என்ற சொல்லுக்குள் எத்தனை வேலி இருக்கிறதென்று சொல்லுகிறவருக்குத் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். மாண்டரின் என்ற சொல்லைக் கண்டு கொதிக்கிற நாம் இச்சொல்லைக் கேட்டுத் தலையாட்டுகிறோம்.

பெண்கள் விஷயத்தில் நமது குற்றம் இன்னும் பெரிது. பாயான் லெப்பாசில் 1972-இல் தடையற்ற வர்த்தக வலயம் தொடங்கிய காலத்தில், மின்னணுத் தொழிற்சாலைகள் மணமாகாத இளம்பெண்களையே தேடித் தேடி எடுத்தன. உருப்பெருக்கியில் கண் வைத்து மயிரிழை போன்ற கம்பியை ஒட்டவைக்கும் வேலைக்குக் கூரிய பார்வை வேண்டியதுதான்; மணமாகாமை எதற்கு? அப்போது கம்பியை ஒட்டப் பெண் வேண்டும் என்றவர்கள், இப்போது கம்பியைப் பழுது பார்க்க ஆண்கள் மட்டும் என்கிறார்கள். இதைக் கண்ட நம் தாய்தந்தையர், இரவு வேலைக்குப் பெண்பிள்ளை போவதா, நல்லதாகப் போயிற்று என்று மனம் சமாதானமடைகிறார்கள். மின்னியல் படித்த மகளைப் பாலர் பள்ளிக்கு உதவியாளாக அனுப்பிவிட்டுத் திருப்தியடையும் பெற்றோரை நாம் அறிவோம். முதலாளி போட்ட வேலிக்கு இவர்கள் உள்ளிருந்து முட்டுக் கொடுக்கிறார்கள்.

அந்த வாலிபரோடு அன்று மாலை நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். விண்ணப்பம் போடாதே, போட்டுப் பயனில்லை என்று அவருடைய நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். போடுங்கள், ஆனால் ஒரு கேள்வியோடு போடுங்கள் என்றோம். நாமே உடனிருந்து எழுதினோம். டிப்ளோமாவின் நகல், தொழிற்பயிற்சி செய்த ஆறு மாதச் சான்று, மின்சுற்று வரைபடம் படிப்பதில் தமக்குள்ள பழக்கம், மோட்டார் சைக்கிள் ஒன்று உண்டு என்ற விவரம், எல்லாம் முறையாக எழுதப்பட்டன. புகைப்படம் வைக்கவில்லை. கடைசியில் மூன்று வரி: "எனக்கு மலாய், ஆங்கிலம், தமிழ் ஆகிய மொழிகள் தெரியும். இவ்வேலையில் மாண்டரின் எந்தப் பணிக்குத் தேவைப்படுகிறது என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். தேவை உண்மையாயின் கற்றுக்கொள்ளச் சித்தமாயிருக்கிறேன்."

அனுப்பி ஐந்து வாரம் ஆகிறது. பதில் இல்லை. சென்ற செவ்வாயன்று அதே விளம்பரம் மறுபடியும் வந்திருப்பதாக அவ்வாலிபர் காட்டினார். வயது வரம்பு முப்பத்தைந்தாக உயர்ந்திருக்கிறது; ஆகவே அவ்வேலைக்கு இன்னும் ஆள் அகப்படவில்லை என்று தெரிகிறது. மாண்டரின் வரி அப்படியே இருக்கிறது. அவர் அதே கடிதத்தைத் தேதி மாற்றி மறுபடியும் அனுப்பியிருக்கிறார். இத்தகைய விளம்பரங்களைக் காணும் தோட்டத்துத் தோழர்களும் பட்டணத்துத் தோழர்களும், கம்பெனியின் பெயர், தேதி, கேட்கப்பட்ட நிபந்தனை ஆகியவற்றோடு ஒரு நகலை நமக்கு அனுப்பிவைத்தால், அவற்றைத் தொகுத்து மனிதவள அமைச்சுக்கும் மாநில ஆட்சிமன்றத்துக்கும் கொண்டுபோவதற்கு நாம் காத்திருக்கிறோம். நம்மவர் கடைகளின் விளம்பரமானாலும் தயங்காமல் அனுப்புங்கள்.